எறும்புக்கு எதற்கு வெள்ளிக் கொலுசு

ஹோனாம் கரையில் வந்து சௌஹா வீடு எது என்று கேட்டால் யாரும் விழிப்பார்கள். வெள்ளிக்கோட்டுக்காரி வீடு என்று கேட்க வேண்டும். கஞ்சிப் படகுக்காரன் துடுப்பைத் தூக்கி, லிச்சி மரத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டைக் காட்டிவிடுவான். முப்பது வருஷம் ஒரே வேலையைச் செய்தால் பெற்றவர் வைத்த பெயர் எல்லாம் எங்கே நிற்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கான்டன் நகரம். கரையோரமாகச் செம்முடிக்காரர்கள் என்று ஊர் சொல்லும் வெள்ளைக்காரர்களின் கிடங்குகளும் கொடிக்கம்பங்களும் வரிசையாக நிற்கும். தென்மேற்குக் காற்றில் அவர்கள் கப்பல்கள் வரும். வாடைக்காற்றில் திரும்பும். போகும்போது தேயிலையோடும் பீங்கானோடும் யிப் முதலாளியின் பட்டறைப் பட்டும் போகும். வெள்ளைப் பட்டில் கொடி ஓடும், பூ மலரும், வண்ணத்துப்பூச்சி உட்காரும். எல்லாம் கையால் எழுதியவை. அதை அவர்கள் ஊர்ப் பெண்கள் கவுனாகத் தைத்துப் போடுவார்களாம். போட்டால் எப்படி இருக்கும் என்று ஹோனாமில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு பட்டுச் சுருள் பட்டறைக்குள் பல கை மாறும். ஒருவர் படிகாரமும் பசையும் தடவிக் காயவைப்பார். இன்னொருவர் மாதிரித் தாளைப் பட்டுக்கு அடியில் வைத்து, மேலே தெரிகிற கொடியையும் பூவையும் மெல்லிசாக எடுப்பார். பூ வரும் இடமெல்லாம் வெள்ளை அடிக்க ஓர் ஆள். அதன்மேல் நிறம் போட ஓர் ஆள். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் வெள்ளிக் கோடு இழுக்க வேண்டும். அது சௌஹாவின் வேலை. வெள்ளித் தகட்டைப் பசையோடு சேர்த்து விரலால் அரைத்து அரைத்து மாவாக்கி, ஒரு சிப்பியில் வைத்துக்கொள்வாள். தூரிகையில் மூன்றே மூன்று மயிர். கோடு இழுக்கும்போது மூச்சு விடமாட்டாள்.

"செத்துகித்துப் போயிட்டியான்னு பாத்தேன்" என்பான் அவள் புருஷன் யூன்.

"உங்கள அனுப்பிட்டுத்தான் போவேன்" என்பாள் இவள். வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

யூன் அதே பட்டறையில் நிறம் போடுகிறவன். கல்யாணம் நடந்ததே அவள் கண்பார்வையை வைத்துத்தான். ஃபாட்சானில், ஏழு சகோதரிகள் பண்டிகையில், பெண்கள் எல்லாரும் கூடி ஊசியில் நூல் கோக்கும்போது, ஏழு ஊசியிலும் தடுமாறாமல் கோத்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று தரகுக்காரி வந்து சொன்னாள். யூனின் அம்மா வேறு எதுவும் விசாரிக்கவில்லை. மூக்கு சப்பையா, வாய் நீளமா என்று கேட்டிருக்கலாம். இரண்டாவதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

கப்பல் கிளம்பும் காலம் நெருங்கிவிட்டால் சுருள்களை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவான் யூன். ஜன்னலோரம் நீள மேசை. அவன் முன்னால் பூ எழுதிக்கொண்டு போவான். அது காயக் காய அவள் பின்னால் கோடு இழுத்துக்கொண்டு வருவாள். காலையில் இரண்டு பேருக்கும் நடுவில் நாலு பூ இருக்கும். மதியத்துக்குள் ஒரு பூ ஆகிவிடும்.

"என் முதுகுல கோடு இழுத்துடாத. அப்புறம் என்னையும் சுருட்டிக் கப்பல்ல ஏத்திடுவாங்க."

"ஏத்தினா ஏத்தட்டும். பாட்டுச் சத்தமாவது குறையும்."

அவனுக்குப் பாட்டு சுத்தமாக வராது. ஆனாலும் பாடுவான். உப்பு மீன் வாடையும், பசை வாடையும், அந்தப் பாட்டும் சேர்ந்ததுதான் அவளுக்குக் கல்யாண வாழ்க்கை. அதற்கு மேல் ஒரு சொர்க்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவள் இன்றுவரை நம்பமாட்டாள்.

சண்டை இல்லாமல் இல்லை. பதினெட்டு வருஷமும் ஒரே சண்டை. யூன் போடும் ரோஸ் நிறம் கண்ணைக் கூசும். குசும்பப் பூச் சாயத்தை மற்றவர்கள் ஒரு தடவை போட்டால் இவன் மூன்று தடவை போடுவான். பட்டறையில் அவனுக்குப் பெயரே கல்யாண வீட்டு யூன்.

"பியோனிப் பூவா இது? கோழி அறுத்த மாதிரி இருக்கு. கொஞ்சம் அடக்கமா போட்டா என்னவாம்?"

"ஆறு மாசம் கடல்ல போகணும் சௌ. பாதியக் கடல் தின்னுடும். அந்தப் பொம்பளை போட்டுக்கிட்டு வெயில்ல நடப்பா, மீதியில பாதிய வெயில் தின்னும். நாம கொஞ்சம் கூடவே குடுத்து அனுப்பணும்."

"கைக்கு அளவு தெரியல. அதுக்குக் கடல் மேல பழி."

அவன் சிரிப்பான். இன்னொரு தடவை சாயத்தைத் தொட்டு வைப்பான். அவள் எரிச்சலில் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. சுருளுக்கு ஒரு மொட்டில் ஓர் எறும்பு எழுதிவிடுவான். மாதிரித் தாளில் எறும்பு கிடையாது. யிப் முதலாளி திட்டுவார். யூன் தலையாட்டுவான், அடுத்த சுருளிலும் எழுதுவான். இதழ், இலை, வண்ணத்துப்பூச்சியின் சிறகு எல்லாவற்றுக்கும் வெள்ளி இழுக்கும் சௌஹா, அந்த எறும்பை மட்டும் தொடாமல் தாண்டிப் போவாள்.

"அதுக்கும் ஒரு கோடு போடேன்."

"எறும்புக்கு எதுக்கு வெள்ளிக் கொலுசு? எனக்கே இல்ல."

கப்பல்கள் கிளம்புகிற மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்து ஆறே நாளில் யூன் போய்விட்டான். காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு சௌஹா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் பூ எழுதிய மனிதன். வீட்டில் அவன் எழுதிய ஒரு இதழ்கூட இல்லை. எல்லாம் கப்பலேறிப் போய்விட்டது. ரோஸ் கறை படிந்த ஒரு கிண்ணம் மட்டும் இருந்தது. அதை, செத்தவருக்கு வீட்டில் வைத்துக் கும்பிடும் அவன் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து ஊதுபத்தி ஏற்றினாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், வேறு யாரோ எழுதிய பூக்களுக்கு ஓரம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் வருஷம் கப்பல்கள் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆனது. வழக்கம்போல் வெள்ளித் தகடு வாங்கிவர ஆற்றைத் தாண்டிப் பட்டறைக்குப் போனாள். யிப் முதலாளி அவளைப் பார்த்ததும் தேநீர் ஊற்றச் சொன்னார். அவர் தேநீர் ஊற்றச் சொன்னாலே சேதி நல்லதாக இருக்காது.

"யூன் வீட்டம்மா, இந்த வருஷம் உங்களுக்கு வேலை இல்ல போலிருக்கு. செம்முடிக்காரன் ஒருத்தன் மாதிரித் துணி குடுத்திருக்கான். அறுபது சுருள், அச்சு அசலா அதே மாதிரி வேணுமாம். அதுல கோடு கறுப்பு."

"கறுப்பா?"

"கறுப்பு. மையில நம்ம ஆளுங்களே இழுத்துடுவாங்க. ஒருத்தன் கேட்டா அடுத்த வருஷம் எல்லாரும் அதையே கேப்பானுங்க. காலம் மாறுது, என்ன பண்ண."

மாதிரியைச் சுவரில் ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு பழைய கவுனிலிருந்து வெட்டிய துண்டு. முழ நீளம் இருக்கும். நடுவில் இரண்டு பட்டை சேரும் தையல். பட்டு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பூ மிக மெல்லிய ரோஸ், இருக்கிறதா இல்லையா என்பதுபோல. ஓரங்களில் கறுப்புக் கோடு. கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நல்ல கை, நல்ல கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சௌஹா கிட்டே போனாள். ஒரு மொட்டு. மொட்டின்மேல் ஓர் எறும்பு. எறும்பைச் சுற்றிக் கோடு இல்லை.

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

மாக் சிரித்துவிட்டான். யூனிடம் கையாளாக இருந்து, அவனுக்குப் பிறகு நிறம் போட வந்தவன் அவன். நாற்பது வயது ஆகிறது, கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது.

"அண்ணி, யூன் அண்ணன் ரோஸ் எப்படி இருக்கும்னு இந்த ஆத்துல இருக்கிற மீனுக்கே தெரியும். இது எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க. அண்ணனுக்கும் அடக்கத்துக்கும் ஏழாம் பொருத்தமாச்சே."

"எறும்பு இருக்கே."

"எறும்பு யாரு வேணா போடலாம். அண்ணன் பட்டா போட்டு வாங்கியிருந்தாரா?"

"கோடு என் கோடு. வளைவப் பாரு."

"கோடு கறுப்பு அண்ணி. நீங்க என்னைக்காவது மையத் தொட்டிருக்கீங்களா?"

தொட்டதே இல்லை. வெறுங்கையோடு படகேறினாள்.

வீட்டுக்கு வந்ததும் சிப்பியைக் கழுவி எடுத்து வைத்தாள். வேலை போனது ஒரு வருத்தம். ஃபாட்சானில் மகள் வீடு இருக்கிறது, சோற்றுக்குப் பயமில்லை. ஆனால் அந்த எறும்பு அவளைத் தூங்க விடவில்லை. அது யூனுடையது என்றால் ஏன் ரோஸ் இவ்வளவு வெளுப்பு? அவள் கோடு என்றால் ஏன் கறுப்பு? பதினோரு வருஷமாக ஓர் இதழ் கிடைக்காதா என்று ஏங்கியிருந்தாள். ஆசையில் கண் பொய் சொல்கிறதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. புருஷன் கையையும் தன் கையையும் அடையாளம் தெரியாத ஒரு பெண்ணாகத் தான் ஆகிவிட்டோம் என்று நினைத்தபோது, அவன் செத்த அன்று அழுததைவிட அதிகம் அழுதாள்.

நாலு நாள் கழித்து நல்ல வெயில். குளிர் வருவதற்கு முன்னால் பஞ்சுச் சட்டையைப் பிரித்துத் துவைத்து, பஞ்சை உதறித் திரும்பத் தைக்க வேண்டும். ஹோனாமில் எல்லா வீட்டு வாசலிலும் அந்த வாரம் அதுதான் வேலை. சௌஹாவும் தன் சட்டையை மடியில் போட்டுத் தையலைப் பிரித்தாள். சட்டை நீலச் சட்டை என்று பெயர்தான். உடுத்தி உடுத்திச் சாம்பல் நிறம் ஆகியிருந்தது. தோள் தையலைப் பிரித்ததும் உள்ளே மடிந்திருந்த விரற்கடை அகலத்துத் துணி, கடையிலிருந்து அன்றுதான் வாங்கிவந்த மாதிரி நல்ல நீலமாக இருந்தது.

வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான். இந்த வருஷம் அவள் கை நின்றுவிட்டது. பிரித்தது பிரித்தபடி கிடக்க, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள்.

"முதலாளி, அந்த மாதிரியில ஒரு தையல் இருக்கு. அத மட்டும் பிரிச்சுப் பாக்கணும். உள்ள இருக்கிற கோடு வெள்ளியா இருக்கும்."

யிப் முதலாளி பயந்துபோனார். "ஐயையோ, கைய வச்சிடாதீங்க. மாதிரி எப்படி வந்துச்சோ அப்படியே சரக்கோட திரும்பிப் போகணும். ஒரு நூல் அறுந்தாலும், துண்ட மாத்திட்டோம்னு சொல்லி அறுபது சுருளையும் நம்ம தலையில கட்டிடுவான். பட்டறையே படுத்துடும்."

"எண்ணிப் பிரிச்சு எண்ணித் தைச்சுடறேன்."

"வேணாம்மா. போனவரு போயிட்டாரு. துணியப் பிரிச்சா வந்துடப் போறாரா?"

அப்போது துறையில், செம்முடிக்காரனுக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்கும் சீன வியாபாரியின் படகு வந்து நிற்பதாகச் சொன்னார்கள். முதலாளி எழுந்து போனார். போகும்போது மாக்கிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். மாக் வந்து பலகைக்கு முன்னால் நின்றான்.

"தள்ளு" என்றாள் சௌஹா.

"அண்ணி, வம்பு வேணாம்."

"நீ எங்க வீட்டுல எத்தன தடவ சாப்பிட்டிருப்ப? அவரு தட்டுல இருந்த மீன நீ எடுத்தப்ப நான் ஏதாவது கேட்டேனா? தள்ளு."

மாக் தள்ளிக்கொண்டான். மீன் சமாச்சாரம் உண்மை.

சௌஹா துண்டைப் பலகையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். செம்முடிக்காரிகளின் தையல் நெருக்கமாக இருந்தது, யாரோ பொறுமையான பெண் தைத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு, நூல் அறாமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். கோடு இழுக்கும்போதுபோலவே மூச்சை அடக்கியிருந்தாள். பதினாறு தையல். மடிப்பைத் திறந்தாள்.

உள்ளே கண்ணைக் கூசும் ரோஸ். கோழி அறுத்த மாதிரி, கல்யாண வீடு மாதிரி, மூன்று தடவை போட்ட யூனின் ரோஸ். பூவின் ஓரம் ஒரு விரற்கடை மட்டும் அந்த மடிப்புக்குள் போயிருந்தது. அந்த விரற்கடையைச் சுற்றி அவள் கோடு. வெள்ளி. சிப்பியிலிருந்து அப்போதுதான் தொட்டு இழுத்ததுபோல் பளபளத்தது. மடிப்பு முடிகிற இடத்தில் சாம்பலாகி, வெளியே வந்ததும் கறுத்திருந்தது. ரோஸும் அதே இடத்தில்தான் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

மாக் எட்டிப் பார்த்தான்.

"யூன் அண்ணன்தான்" என்றான்.

சௌஹா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் கொட்டியது. பட்டில் விழாமல் கையால் தடுத்துக்கொண்டாள். "பாதியக் கடல் தின்னும், பாதிய வெயில் தின்னும்னு சொன்னாரு. கைக்கு அளவு தெரியலன்னு பதினெட்டு வருஷம் ஏசினேன்டா அந்த மனுஷன. நீங்க எல்லாம் அடக்கமா இருக்கு, அடக்கமா இருக்குன்னு பாத்தீங்களே, அதுதான் அவரு கணக்குப் பண்ணி அனுப்பினது."

முதலாளி திரும்பி வந்தவர் பிரிந்த தையலைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ரோஸ் அவர் கண்ணில் பட்டுவிட்டது. துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எறும்ப எடுத்துடுன்னு எத்தன தடவ திட்டியிருப்பேன் அவன" என்றார்.

அதோடு விட்டுவிட்டு மற்றதைப் பேசினார். பிரித்ததைத் தைத்து மூடிவிடலாம், ஆனால் இனிமேல் மையில் கோடு இழுத்தால் அது தெரிந்தே செய்யும் பொய். வெள்ளி இழுத்தால் வந்திருக்கிற மாதிரியோடு ஒத்துப்போகாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். வியாபாரி துண்டைத் தட்டில் வைத்து, பட்டுத்துணி போர்த்தி, செம்முடிக்காரனின் கிடங்குக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் பதில் இல்லை. சௌஹா அந்த மூன்று நாளும் பஞ்சுச் சட்டையைத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். தன்னால் பட்டறைக்கே கேடு வந்துவிடுமோ என்று பயந்தாள். கோபித்துக்கொண்டு அந்தத் துண்டை எறிந்துவிடுவார்களோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

நாலாம் நாள் யிப் முதலாளியே படகில் வந்து இறங்கினார். கையில் அந்தப் பட்டுத் துண்டு இருந்தது.

"செம்முடிக்காரன் ரொம்ப நேரம் அந்த மடிப்பையே பாத்துட்டு இருந்தானாம். அவன் அம்மா போட்ட கவுனாம் அது. அம்மா சின்ன வயசுல இந்தக் கலர்லதான் நடந்திருக்காங்களான்னு கேட்டானாம். அப்புறம், இந்தப் பூவ எழுதினவரு இருக்காரான்னு கேட்டிருக்கான்."

"என்ன சொன்னாங்களாம்?"

"கோடு இழுத்தவங்க இருக்காங்கன்னு சொன்னாங்களாம்." முதலாளி ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உள்ள இருக்கிற மாதிரியே வேணுமாம். அறுபதும். தையல மூடிக் குடுங்க, பலகையில மாட்டணும்."

சௌஹா பதினாறு தையலையும் அதே ஓட்டைகளில் போட்டு மூடினாள். மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஹோனாமில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. பட்டறையில் ஒருத்தனுக்கும் அந்த ரோஸ் வரவில்லை. மாக் ஒரு தடவை போடுவான், போதுமா என்று பார்ப்பான். அடக்கமாகப் போட்டே பழகிய கை. கடைசியில் அவளையே கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"இன்னும்" என்றாள் சௌஹா.

"அண்ணி, ரெண்டு தடவ போட்டாச்சு."

"இன்னும் போடு."

"இதுக்கு மேல போட்டா கண்ணு அவிஞ்சிடும். நீங்கதானே அண்ணன இதுக்காகத் திட்டுவீங்க. நான் என் காதாலயே கேட்டிருக்கேன்."

"திட்டினேன். எனக்குத் தெரியல, திட்டினேன். பாதி கடலுக்கு, பாதி வெயிலுக்கு. மிச்சம்தான் அவங்களுக்கு. கஞ்சத்தனம் பண்ணாம போடு."

மாக் போட்டான். கிண்ணத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்துப் போட்டான். மூன்றாவது தடவை காய்ந்ததும் பியோனி கல்யாண வீடாக மேசைமேல் விரிந்தது. சௌஹா சிப்பியை எடுத்தாள். காலையில் இருவருக்கும் நடுவில் நாலு பூ. மதியத்தில் ஒரு பூ. பாட்டு மட்டும்தான் இல்லை. மாக் வாயைத் திறந்தபோது அவள் முறைத்தாள்.

முதல் சுருள் முடிகிற நேரம் முதலாளி வந்து பார்த்தார். பட்டின் கரையோரம், கவுன் தைக்கிறவர்கள் மடித்து உள்ளே தள்ளுகிற அந்த விரற்கடை இடத்தில், வழக்கமாக வெறுமையாக விடுகிற இடத்தில், ஒரு மொட்டு இருந்தது. மொட்டின்மேல் மாக் எழுதிய ஓர் எறும்பு. சௌஹா மூச்சை அடக்கிக் குனிந்திருந்தாள்.

"யூன் வீட்டம்மா, அது தையலுக்குள்ள போற இடம். யாரு பாக்கப் போறா? வெள்ளி வீண்."

அவள் நிமிரவில்லை. எறும்பின் ஆறு கால்களில் ஐந்தைச் சுற்றிக் கோடு இழுத்து முடித்திருந்தாள்.

"உள்ள போறதுக்குத்தான் போடறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறாவது காலுக்கும் வெள்ளி தொட்டாள்.